ஜாஃபர் செத்த படம்

ஜாஃபர் காஞ்சிபுரத்தில் கல்யாண பேண்டு செட்டில் டிரம் அடிப்பவன். மெட்ராஸில் நாலைந்து சிநேகிதர்கள் கைக்காசு போட்டு ஒரு படம் எடுத்தபோது, நிஜமாக டிரம் அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று அவனைக் கூட்டிப் போனார்கள். முடி வளர்த்து, கிழிந்த சட்டையோடு மேடையில் கத்திப் பாடும் இரண்டு கோஷ்டிகளின் கதை. போட்டி வெட்டுக்குத்தில் போய் முடியும். முதலில் சாவது ஜாஃபர்.

அந்தப் படம் சென்சாரில் கொஞ்ச காலம், வாங்க ஆளில்லாமல் கொஞ்ச காலம் என்று பெட்டியிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஜாஃபர் பஸ் ஸ்டாண்டு சுவரில் புதுப் போஸ்டர் பார்த்துவிட்டு வருவான். "இன்னா, வந்துச்சா?" என்று கேட்பதைக்கூட அவன் மனைவி சித்தாரா விட்டுவிட்டாள்.

கடைசியில் வந்தது, ஆவணி முகூர்த்த வாரத்தில். தினமும் கல்யாணம். படத்தைத் தூக்கும் நாளில்தான் மேட்னிக்கு நேரம் கிடைத்தது. விடியற்காலை ஓரிக்கையில் ஒன்று, பிறகு திருப்புட்குழியில் ஒன்று என்று பேண்டு செட் வண்டியில் போய் அடித்துவிட்டு, பேண்டு உடுப்போடே தியேட்டருக்கு வந்தான். சித்தாரா டிக்கெட்டோடு வாசலில் நின்றிருந்தாள்.

உள்ளே கூட்டமில்லை. இருந்தவர்களும், "எப்போப்பா வெட்டுவானுங்க?" என்று சலித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எப்போ வருவீங்க?" என்று கேட்டாள் சித்தாரா.

"இன்டர்வெல்லுக்கு அப்புறம்."

இடைவேளையில் டீ குடித்தான். விளக்கு அணைந்ததும் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

திரையில் அவன் வந்தான். தோள்வரை முடி. டிரம்மை அடித்துக்கொண்டே ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்பைச் சித்தாரா வீட்டில் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

"ஏங்க, வந்துட்டீங்க! பாருங்க!" என்று உலுக்கினாள்.

"வண்டி வந்துடுச்சா?" என்று முனகிவிட்டு அவள் தோளில் சாய்ந்தான்.

அதற்குள் மேடைக்குப் பின்னால் அவனைச் சுவரோடு அழுத்தி, கத்தியைச் சொருகினார்கள். கூட்டம் விசிலடித்தது. "டிரம்காரன் காலி!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். சித்தாரா பக்கத்தில் கிடந்த ஜாஃபரின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை உலுக்கியிருக்கலாம். மனசு வரவில்லை. தூங்கட்டும்.

வெளியே வெயிலில் கண் கூசியது. தியேட்டர் ஆள் அடுத்த படத்துக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"எழுப்பியிருக்கலாமே" என்றான் ஜாஃபர். கோபப்படக்கூட அவனிடம் தெம்பில்லை.

"எழுப்பினேன். வண்டி வந்துடுச்சான்னு கேட்டீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்க, படியிலேயே உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள்.

"எப்பிடி இருந்தேன்?"

"நல்லா அடிச்சீங்க."

"செத்தது?"

"அது சட்டுனு முடிஞ்சிபோச்சி."

அந்தப் படம் திரும்ப வரவேயில்லை. அவன் கேட்கும்போதெல்லாம் சித்தாரா கதை சொல்வாள். டிரம் அடிப்பதை நீட்டி நீட்டிச் சொல்வாள். கத்தி வரும் இடத்தில் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள்.