மேல்வீட்டிலிருந்து இறங்கிய பயம்

மேல்வீட்டு வனஜா தியானத்தில் உட்கார்ந்து எதை விட்டாலும் அது கீழே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். முதலில் அவளுடைய முழங்கால் வலி வந்தது. பிறகு மாமியார் மேல் அவளுக்கிருந்த எரிச்சல். எனக்கு மாமியாரே கிடையாது. அந்த எரிச்சலைக் குக்கர் மேல் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்புக்கு வந்து தியானம் சொல்லித்தரும் பிக்குவிடம் முறையிட்டேன்.

"நான் விடச் சொல்லலைம்மா," என்றார். "வர்றதோட கொஞ்ச நேரம் உட்காரத்தான் சொன்னேன்."

"அவ எங்க சாமி உட்கார்றா? கீழ தள்ளிவிடுறா."

அவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் அவரிடமே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பயம் இறங்கியது. ஆறு வயதுக் குழந்தையின் கனம் அதற்கு. வனஜாவின் மகள் ஆதிரைக்கு அன்று இதயத்தில் ஆபரேஷன். முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா துபாயில். பயத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். வனஜா ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"சாயங்காலம் போறேங்க்கா. அங்கதான் டாக்டருங்க இருக்காங்களே. மனசு லேசா இருக்கு."

"லேசாத்தான்டி இருக்கும்! கனமெல்லாம் என் இடுப்புல இருக்கு!"

அவள் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையை ஓங்கி அறையலாம் போலிருந்தது. நேரமில்லை.

பார்வையாளர் நேரம் தொடங்கும்வரை, பயம் வைத்திருப்பவரைத்தான் ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்கள். காவலாளி என் இடுப்பைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். ஆதிரை என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குமா பெரியம்மா?"

"வலிக்கும். நான் இங்கேயே இருப்பேன்."

அவளை உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே பெஞ்சில் பயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது உதைத்தது, கத்தியது, சேலையைப் பிடித்து இழுத்தது. வேறு எதுவும் தோன்றாமல் என் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கனம் குறையவில்லை. ஆனால் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. கோபம் மட்டும் தூங்கவில்லை. அது என்னுடையது.

மதியம் டாக்டர் வந்து, ஆதிரை நன்றாக இருக்கிறாள் என்றார். சாயங்காலம் வனஜா பிளாஸ்க்கோடு வந்தாள்.

"எப்படிக்கா இருக்கா?"

"முதல்ல இதைப் பிடி," என்று பயத்தை அவள் கையில் வைத்தேன்.

வாங்கிய வேகத்தில் அதன் கனம் அவளைக் கீழே இழுத்தது. தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் எப்படிக்கா வராம இருந்தேன்?" என்றாள். அவள் அதைத் தூக்கிக்கொண்டே மகளிடம் ஓடினாள்.

நான் கிளம்பினேன். ஆஸ்பத்திரிக் கட்டடமும் நாள் முழுக்க நின்றதில் கால் கடுத்து, தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தது. நாங்கள் இருந்த மூன்றாம் மாடி தெரு மட்டத்துக்கு வந்துவிட்டதால், ஜன்னல் வழியாக இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.