கொடுக்காத சான்று

ஆறு முட்டை போதுமா, ஏழாகப் போட்டுவிடலாமா, ஐம்பதாம் ஆண்டு விழாவாயிற்றே, சிக்காகோவின் வடபுறத்தில் இருக்கிற சுவீடன்காரர்களில் பாதிப்பேர் இன்றைக்கு மேலே கோயிலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், முட்டை குறைந்து கசடு இறங்காமல் காப்பி கலங்கலாக வந்தால் ஹுல்டாவைத்தானே சொல்வார்கள்... ஏழு முட்டையையும் ஓட்டோடு நொறுக்கி, காப்பித்தூளில் பிசைந்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். தலைக்கு மேலே, சூடு மாடிக்குப் போவதற்காக வைத்த கம்பித் துவாரம் வழியாகச் செயலாளர் நீமனின் குரல் இறங்கிக்கொண்டிருந்தது. சபையின் சரித்திரம் வாசிக்கிறார். கசாப்புக் கடை மாடியில் வாடகை அறை, அப்புறம் மரக்கோயில், அது எரிந்துபோய் இந்தச் செங்கல் கோயில், வீட்டுவேலைக்குப் போன பெண்கள் வியாழக்கிழமை அரைநாள் விடுப்பில் வந்து தைத்துக் கொடுத்த பீட விரிப்பு... அதில் வலப்பக்கத்துச் சிலுவை என் தையல், அதைச் சொல்கிறாரா பார். சொல்லாவிட்டால் போகட்டும். அடுத்தது பெயர்கள். பழைய பதிவேட்டில் உள்ளபடி, வருஷவாரியாக, ஒன்று விடாமல். அவள் கப்பலேறி வந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று வரும், அவள் பெயர் வராது. இருபத்தெட்டு வருஷமாக இங்கே காப்பி போடுகிறவள் சபையில் சேரவே இல்லை என்பது இன்றைக்கு வெளிச்சமாகிவிடும்.

சேர்வதற்கு என்ன, ஊர்ப் போதகர் கொடுத்தனுப்பிய சான்றை நீட்ட வேண்டியதுதான், எல்லாரும் நீட்டினார்கள். வாசிக்கத் தெரியும், ஞானோபதேசம் தெரியும், அம்மை குத்தியாயிற்று... கடைசி வரியில், முறை தவறிப் பிறந்த ஆண் குழந்தை ஒன்று. அந்த ஒரு வரிக்காகத்தான் அது இன்னும் பெட்டியில் துணிக்கடியில் கிடக்கிறது. கப்பலில் தொலைந்துபோச்சுங்க ஐயா என்றாள், இங்கே அப்போதிருந்த எக்வால் போதகரிடம். முகம் எப்படிச் சுட்டது அன்றைக்கு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பரவாயில்லம்மா, கிடைச்சா கொண்டா என்றார். அதோடு சரி. சபையில் இல்லாதவள் திருவிருந்துக்கு முழந்தாளிட முடியுமா? அதனால் அந்த நேரம் வந்தால் எழுந்து கீழே வந்துவிடுவாள், யாராவது காப்பி வைக்கணுமே என்று. அடடா, ஹுல்டாவுக்கு எவ்வளவு சேவை மனசு என்றார்கள். சேவையாம். மேலே அவர்கள் வரிசையாக முழந்தாளிடும்போது பலகை முனகும், கீழே அவள் அடுப்போடு தனியாக நிற்பாள். பிறகு அறைக்குப் போனால் அங்கே ஒரு நாற்காலி, ஒரு கோப்பை.

அக்காவிடம் விட்டுவிட்டு அவள் கிளம்பியபோது மகன் ஏவர்டுக்கு நாலு வயசு. அக்கா வீட்டு வேலியில் ஏறி நின்று வண்டி மறைகிற வரைக்கும் கத்தினானா, சும்மா பார்த்துக்கொண்டிருந்தானா... கத்தினான் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தாள், ஒருவேளை கத்தவில்லையோ. விஷக்காய்ச்சல் வருஷத்தில் அக்கா போனாள், கடிதமும் நின்றது. அவள் எழுதிய கடிதமும் திரும்பி வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடியலிலும், இருட்டோடு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது எக்வால் போதகர் கேட்பார், ஊர்ல எல்லாரும் சௌக்கியமாம்மா? அப்புறம் கையை விடாமல் இன்னொரு தரம், எல்லாரும்? கிழவருக்கு மறதி என்று நினைத்துக்கொண்டு, எனக்கு அங்க யாருங்க ஐயா இருக்கா என்பாள். அவர் இறந்தும் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று, என்றார் நீமன். அவள் கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கார்ல் ஓஸ்ட்லிங், மனைவி, பிள்ளைகள் மூன்று. சிக்ரிட் மால்ம். இதோ முடிந்துவிடும், தொள்ளாயிரத்து நாலுக்குத் தாவிவிடுவார், தாவட்டும்... ஹுல்டா தெலாண்டர், லோங்கஷோ ஊர். மகன் ஒருவன், ஏவர்ட், பெரியம்மா வீட்டில்.

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் பார்த்தபடி நின்றாள். யார் எழுதினார்கள்? எக்வால்தான், வேறு யார், ஊருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார், பதில் வந்திருக்கிறது, பதிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நானே சொல்லட்டும் என்று நீர் காத்திருந்தீரா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமாம், இருபத்தெட்டு வருஷம் மூடிக்கொண்டிருந்தேனே, யாரும் சாத்தாத கதவுக்கு வெளியே... எல்லாரும்? எல்லாரும்? அந்த இரண்டாவது கேள்விக்கு இனி யாரிடம் போய்ப் பதில் சொல்வது. அவசரமாகப் பச்சைத் தண்ணீர் ஒரு குவளை விட்டாள், கசடு அடியில் இறங்கட்டும்.

படியில் செருப்புச் சத்தம். தையற்காரர் ரோசன்லிண்டின் மனைவி யேர்தா, எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"அடியே ஹுல்டா, பேரு வாசிச்சே முடிச்சாச்சு, காப்பி எங்கடி? அத்தனை பேரும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு."

"இதோ."

"இதைத் தனியாவா தூக்கப் போறே, கொண்டா ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்." பாத்திரத்தின் காதைப் பிடித்துக்கொண்டே, வெயிலைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாள், "பையனுக்கு இப்ப என்ன வயசிருக்கும்?"

"முப்பத்திரண்டு. வர்ற செவ்வாயோட." ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொல்லாத கணக்கு, நாள் பிசகாமல் வந்து விழுந்தது.

"என்ன செய்றான்?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். உயிரோடு இருக்கிறானா, யார் மாதிரி இருக்கிறான்... காப்பி குடிப்பானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.