இருக்கைக்கு அடியில் வைக்கும் பெட்டி

1964 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. தாராவியில் கரீம் பாட்சாவின் தோல் கூடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கைப்பெட்டி செய்து முடிக்கப்பட்டது. நீளம் பதினாறு அங்குலம், அகலம் பதினொன்று, உயரம் ஏழு.

அளவு கொடுத்தது மலபார் ஹில்லில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். கம்பெனி வேலை முடிந்து அவள் கணவன் லண்டனுக்குத் திரும்புகிறான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயாவையும் கூடவே அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஆயாவின் பெயர் ரோஸி. வயது இருபத்திரண்டு. விமானத்தில் குழந்தையின் பால்புட்டியும் மாற்றுத்துணியும் ஆயாவின் கையிலேயே இருக்க வேண்டும், அதற்கான பெட்டி இருக்கைக்கு அடியில் நுழைய வேண்டும், துணிமூட்டையும் தகரப்பெட்டியும் ஆகாது என்று மேம்சாப் சொல்லியிருந்தாள். ஒரு நாடாவில் மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டு, இதற்கு மேல் கூடாது என்று கொடுத்தனுப்பினாள்.

ரோஸி முதலில் பார்த்து வைத்தது தாதரில் ஒரு கடை வாசலில் தொங்கிய நீல ரெக்சின் பை. ஜிப் வைத்தது. நாடாவை வைத்து அளந்தும் பார்த்துவிட்டாள். சரியாக இருந்தது. ஆனால் அவளுடைய அப்பா மிக்கேல்ராஜ் ஒப்பவில்லை.

"ரெக்சினா? எண்ணெய் தடவுன துணிக்குப் பேரு பையா? ஏட்டி, உங்கப்பன் இருபத்தஞ்சு வருசமா தோலுக்குள்ளயே கெடக்கான். நீ துணிப்பையத் தூக்கிட்டு பிளேன்ல ஏறுவியா?"

"யப்பா, அது கனமில்லாம இருக்கு. பாக்கவும் நல்லாருக்கு."

"மழைல நனைஞ்சா ரெண்டு மாசத்துல உரிஞ்சிரும். லண்டன்ல எந்நேரமும் மழையாம்லா."

இருபத்தைந்து வருடம் தோல் பதனிட்டவரின் வீட்டில் தோலால் ஆன பொருள் எதுவும் இல்லை. இடுப்பு வார் கூட இல்லை. கூடத்தில் பதனிட்ட தோல் எல்லாம் வண்டியேறி வேறெங்கோ போய்விடும். மிக்கேல்ராஜ் முதலாளியிடம் போய் நின்றார். கரீம் பாட்சா ஓரத்தில் வெட்டுப்பட்ட இரண்டு ஆட்டுத்தோலையும் ஒரு மாட்டுத்தோல் துண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"மகளுக்குத்தானே மிக்கேல், எடுத்துக்க. ஆனா மழைக்காலம் பாரு, சரியாக் காயல. பத்து நாள் நிழல்ல போடு."

பத்து நாள் இல்லை. ஜூலை 17, வெள்ளிக்கிழமை இரவு விமானம். மிக்கேல்ராஜ் அடுப்பு மேட்டுக்கு மேலே கொடி கட்டி மூன்று நாள் காயவைத்தார். மீனெண்ணெய் தேய்த்து மெதுவாக்கினார். தெரிந்த செருப்புக்காரர் ஒருவரின் ஊசி நூலை வாங்கித் தானே தைத்தார். லூசியம்மாள் தன் கல்யாணச் சேலையில் கிழியாத பாகத்தை வெட்டி உள்ளே ஒட்டினாள்.

லூசியம்மாளும் அதே கூடத்தில்தான் வேலை பார்த்தாள். அழுகாமலிருக்க உப்புப் போட்டு வெளியூரிலிருந்து வந்திறங்கும் பச்சைத்தோலை உதறி உப்புத் தட்டும் வேலை. உள்ளங்கை வெடிப்புகளில் உப்பு ஏறி, ராத்திரியில் கையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வருடமாக இருமல் வேறு. "ஒனக்குப் பதிலா மகள அனுப்பு, எடத்த விட்டுராத" என்று மேஸ்திரி இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது. மலபார் ஹில் குடும்பம் ஊரைவிட்டுப் போவதோடு ரோஸிக்கு அந்த வேலையும் முடிகிறது. லண்டனுக்குப் போனால் உண்டு. இல்லையென்றால் உப்புக் கிடங்குதான். இது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். பேசிக்கொள்வதில்லை.

பெட்டி முடிந்ததும் கூடத்தில் சுற்றி நின்று பார்த்தார்கள். சுண்ணாம்புக் குழியில் வேலை பார்க்கும் பூதத்தான் திறந்து மூடிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, வேலை பக்கா. ஆனா வாடை கீடை அடிக்கான்னு பாத்தீரா?"

"நீ மோந்து பாரு."

"என் மூக்கு செத்துப் பதினெட்டு வருசமாச்சு. சயான் பஸ்ல நான் ஏறுனா சனம் எந்திரிச்சு எடம் குடுக்கும். மகாராசா கெட்டான். எனக்கு என்ன வாடைன்னு எனக்கே தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேல்ராஜ் சிரிக்கவில்லை. பெட்டிக்குள் முகத்தை விட்டு இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. லூசியம்மாளும் முகர்ந்தாள். ரோஸியும் முகர்ந்தாள். ரோஸி பிறந்ததே அந்தக் கூடத்தை ஒட்டிய சந்தில்.

மலபார் ஹில் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் போனதும் பின்பக்கக் குளியலறையில் சோப்புப் போட்டுக் குளித்து, அவர்கள் கொடுத்த வெள்ளை உடுப்பை மாட்டிய பிறகுதான் குழந்தையைத் தொட வேண்டும். வெள்ளைக்காரர்கள் அவ்வளவு சுத்தம் என்று ரோஸி வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"நம்ம மூக்கு பொய் சொல்லும்" என்றாள் லூசியம்மாள். "வெளியாளுட்ட காட்டணும். நாளைக்கு மாட்டுங்கா மாமிட்ட கொண்டுபோறேன். அவுக மூக்கு நல்ல மூக்கு. பக்கத்து வீட்ல கருவாடு பொரிச்சா இவுக சன்னல அடைப்பாக."

மாட்டுங்காவில் அகிலாண்டம் என்ற பிராமண அம்மாள் வீட்டில் லூசியம்மாள் காலையில் பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் கூடத்துக்குப் போவாள். பின்பக்கப் படி வழியாகப் போய், வெளிக்குழாயடியிலேயே தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். புதன்கிழமை பெட்டியையும் துணியில் சுற்றி எடுத்துப்போனாள். பயணத்துக்கு முன்னால் அந்த வாரம் ரோஸிக்கு விடுப்பு; அவளும் கூடப் போனாள்.

"மாமி, மக லண்டன் போறாள்லா, அதுக்குப் பெட்டி. வாடை எதுவும் அடிக்கான்னு நீங்கதான் சொல்லணும்."

அகிலாண்டம் சமையலறை வாசல்வரை வந்தாள். கையில் காப்பி வடிகட்டி.

"தோலா? அய்யய்யோ, கிட்ட கொண்டு வராதேடி. மடியா இருக்கேன். அங்கேயே வை."

லூசியம்மாள் பெட்டியைக் கடைசிப் படியில் வைத்துத் திறந்து காட்டினாள். மழை சடசடவென்று பெய்துகொண்டிருந்தது. அகிலாண்டம் நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மூக்கை ஒரு தரம் இழுத்தாள்.

"ஒரு நாத்தமும் இல்லையே. நன்னா பண்ணியிருக்காரே உன் ஆத்துக்காரர், கடையிலே வாங்கினாப்லே இருக்கு. ரோஸி, லண்டன் போனா எங்களையெல்லாம் மறந்துடாதே, என்ன?"

"மறக்கமாட்டேன் மாமி."

மாமி நின்ற வாசலுக்கும் பெட்டி இருந்த படிக்கும் நடுவே குழாயடி முழுவதும் இருந்தது. திரும்பி வரும்போது ரோஸி நீலப்பையைப் பற்றி ஒரு தரம் கேட்டாள். அன்றைக்கே வாங்க நேரம் இருந்தது.

"மாமியே சொல்லிட்டாக. இனி என்ன?" என்றாள் லூசியம்மாள். "அப்பா மொகத்தப் பாத்தியா, செய்யுற மூணு நாளும் பீடியத் தொடல."

ரோஸி பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை மாலை ரோஸி பெட்டியோடு மலபார் ஹில்லுக்குப் போனாள். கடைசி ராத்திரி அங்கேயே தங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டாள். வீடு முழுக்கச் சாமான் கட்டும் ஆட்கள். மேம்சாப் பெட்டியைத் தூரத்திலிருந்து பார்த்து, நாடாவை நினைவில் வைத்ததற்கு நன்றி சொன்னாள். குழந்தையின் துணி, ஒரு கம்பளி, இரண்டு பால்புட்டி, அவற்றின் ரப்பர்க் காம்புகள் எல்லாவற்றையும் ரோஸி அடுக்கி, முகப்பவுடர் கொஞ்சம் தூவி, பெட்டியை மூடி வார்ப்பூட்டு மாட்டினாள்.

காலையில் குழந்தை அழுதது. ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த பெட்டியை ரோஸி திறந்து ஒரு புட்டியை எடுத்துக் கழுவி, பால் ஊற்றிக் கொடுத்தாள். குழந்தை காம்பை இரண்டு தரம் சப்பியது, துப்பியது. மறுபடி கொடுத்தபோது கக்கிவிட்டது. கக்கியதைத் துடைக்க ரோஸி பெட்டியிலிருந்து துணியை எடுத்தாள். துணி முகத்தில் பட்டதும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது.

மேம்சாப் ஓடிவந்தாள். துணியை வாங்கியவள் அதை உடனே கீழே போட்டாள். பெட்டிப் பக்கம் குனிந்து, பின்னுக்கு நகர்ந்தாள். மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள்.

"இதை எங்கே வாங்கினாய்?" என்று துரை இந்தியில் கேட்டான்.

"வாங்கவில்லை சாப். என் அப்பா செய்தது. அவர் தோல் கூடத்தில் வேலை செய்கிறார்" என்றாள் ரோஸி. அவளுக்கு இன்னும் புரியவில்லை. கேட்டதற்குச் சந்தோஷமாகவே பதில் சொன்னாள்.

"எங்கே?"

"தாராவி."

"மாட்டுங்கா என்று சொன்னாயே?"

தாராவி என்றால் வேலை கிடைக்காது என்று, தாராவிக்காரர்கள் வெளியே யார் கேட்டாலும் மாட்டுங்கா என்றுதான் சொல்வார்கள். ரோஸியும் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

டாக்டர் வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. பெட்டியைக் கைக்குட்டை வைத்துத் திறந்து பார்த்தார். காயாத தோல், நோய் பரப்பக்கூடியது என்றார். அந்தப் பெண்ணின் வீட்டில் எல்லோரும் பச்சைத்தோலில் வேலை செய்கிறவர்களா என்று கேட்டார். ரோஸி ஆம் என்றதும், இவள் கையில் குழந்தையைக் கொடுத்துப் பயணம் செய்வதைத் தான் பரிந்துரைக்க மாட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ரோஸிக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும்.

"மேம்சாப், பெட்டியைப் போட்டுவிடுகிறேன். தாதரில் ஒரு பை இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வாங்கிவந்துவிடுவேன்" என்றாள்.

மேம்சாப் அழுதாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ரோஸியின் பாஸ்போர்ட்டைத் துரை மேசையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தான். உடுப்பை மாற்றிக்கொண்டு போகலாம் என்றான்.

அவள் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் மழைக்குச் சன்னல் எல்லாம் மூடியிருந்தது. பக்கத்தில் இருந்த இருவர் எழுந்து முன்னால் போய் நின்றார்கள். அவள் பெட்டியை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள். இருக்கைக்கு அடியில் அது சரியாக நுழைந்தது.

வீட்டில் மிக்கேல்ராஜ் கேட்டதற்கு, விமானத்தில் இடமில்லையாம் என்று மட்டும் சொன்னாள்.

அன்று இரவு சாந்தாகுரூஸிலிருந்து லண்டன் விமானம் புறப்பட்டது. ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை, கரீம் பாட்சாவின் கூடத்தில் லூசியம்மாளின் இடத்தில் ரோஸி உப்புத் தட்டும் வேலைக்குச் சேர்ந்தாள்.