வைக்கோல் போர் ஓரம் இரண்டு கோடு

டிவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறதாம். ஓசூரில் என் நாத்தனாரை மணவறைக்குக் கூட்டி வரப்போகிற நேரம் பார்த்து, இங்கே கல்லலில் எங்கள் வீட்டுச் சுவரில் நீலமாக ஒரு திரை வந்து, இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டுவிட்டு, என் போனில் அன்றைக்கு இருந்த நெட்டையெல்லாம் உறிஞ்சத் தொடங்கியது. ரிமோட்டில் இருக்கிற பொத்தான் அத்தனையையும் அமுக்கிப் பார்த்தேன். டிவியின் முதுகைத் தடவிப் பார்த்தேன். பாதியில் நிறுத்தினால் பெட்டியே போய்விடும் என்று என் வீட்டுக்காரர் காளிராஜ் ஏற்கெனவே பயங்காட்டி வைத்திருந்ததால் சுவிட்சை அணைக்கவும் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் குடித்து முடித்ததும் அது தானாக அணைந்து, தானாக எழுந்து, புதுப்பித்தல் வெற்றி என்று மகிழ்ச்சி தெரிவித்தது. கூடவே என் போனுக்கு, இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்தது. நீ நல்லாயிருப்பே என்று டிவியைப் பார்த்துச் சொன்னேன். வேறு என்ன சொல்ல.

"என்னத்தா, வந்துருச்சா?" என்று கேட்டார் என் மாமியார் அம்மாக்கண்ணு. பட்டுச்சேலை கட்டி, கொண்டையில் பூ வைத்து, டிவிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் எவர்சில்வர் கிண்ணம். அதில் மஞ்சள் கலந்த அட்சதை அரிசி. கண்ணில் புரை எடுத்து இன்னும் சரியாக ஆறவில்லை. போனில் எதைக் காட்டினாலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதையாவது கண்குளிரப் பார்க்கட்டும் என்றுதான் காளிராஜ் இந்த டிவியை வாங்கி மாட்டினார். எங்கள் தெருவுக்கு இன்னும் கேபிள் நெட் வரவில்லை. அதனால் என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவிக்கு நெட் கொடுப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்குப் பஸ் ஏறினார். கல்யாணத்தை நேரலையில் பார்க்கிற லிங்க் என் போனுக்கும் வந்துவிட்டது. ஒத்திகை பார்த்தபோதெல்லாம் இந்தப் பெட்டி ஒழுங்காகத்தான் ஓடியது.

"வந்துரும் அத்தே" என்றேன். வராது என்று எனக்குத் தெரியும்.

பெற்ற தாய் ஏன் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பீர்கள். காப்புதான் காரணம். எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், கையில் மஞ்சள் கயிறு கட்டிய ஆள் திருவிழா முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த வீட்டு ஆட்களும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. ஓசூருக்குப் போய்த் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப எந்த பஸ்ஸும் இல்லை. என் மாமனார் பெத்தன், முட்டி வலியைச் சொல்லி வருடக்கணக்காகக் காப்புப் பக்கமே போகாதவர், இந்த வைகாசியில் கோயிலில் கொட்டுச் சத்தம் கேட்டதும் குளித்து முழுகி முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினார். அம்மன் மேல் இவருக்கு இப்படி ஒரு பக்தியா என்று ஊர் வியந்திருக்கலாம். வீட்டில் இருக்கிற எங்களுக்குத்தானே தெரியும்.

அவருடைய தங்கை கருப்பி. நெற்குப்பையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கருப்பி மகன் முத்தரசுக்கு என் நாத்தனார் மாரீஸ்வரியைத் தருவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். மாரி ஓசூரில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றாள். கல்யாணத்துக்குப் போனால் தங்கை முகத்தில் முழிக்க முடியாது, போகமாட்டேன் என்று சொன்னால் மகள் அழுவாள். மனிதர் யோசித்திருக்கிறார். காப்பைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பழியைத் தூக்கி அம்மன் தலையில் போட்டுவிட்டு, கொல்லையில் வைக்கோல் போர் ஓரமாகக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். காப்புக் கட்டப்போகிறேன் என்று அவர் முன்னாடியே சொல்லியிருந்ததால், காளிராஜ் டிவியை மாட்டிவிட்டு, காப்புக்கு முந்தின நாளே ஊரை விட்டுக் கிளம்பித் தப்பித்தார். அத்தையைத் தனியாக விட முடியாது என்று நான் நின்றுகொண்டேன். ஆரி வேலை போட்டுத் தைத்த என் ரவிக்கை பீரோவுக்குள் கிடக்கிறது. அதைப் பற்றி இந்த வீட்டில் ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காளிராஜுக்குப் போன் போட்டேன். என் ரீசார்ஜெல்லாம் அவர் போனிலிருந்துதான் நடக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். ரீசார்ஜ் கடை கல்லல் கடைவீதியில் இருக்கிறது, பத்து மணிக்குத்தான் திறப்பான். அதற்குள் முகூர்த்தம் முடிந்து பந்தி போட்டுவிடுவார்கள்.

"பக்கத்துல முத்தப்பன் அண்ணன் வீட்டுல போன் கேட்டு வாங்கிட்டு வரட்டா அத்தே?"

"வேணாந்த்தா. பெத்தவ மக கல்யாணத்த டிவிப் பொட்டியில பாக்குறான்னு தெருவே பேசும்." கிண்ணத்து அரிசியை விரலால் அளைந்தபடி சொன்னார். அளைந்ததில் கொஞ்சம் மடியில் சிந்தியது. பொறுக்கி மறுபடி கிண்ணத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டிவி மேல், என் வீட்டுக்காரர் மேல், வைக்கோல் போர் ஓரம் உட்கார்ந்திருந்தவர் மேல்.

வீட்டில் நெட் இருக்கிற போன் இன்னும் ஒன்று உண்டு. அது அவரிடம்தான் இருந்தது. மாரி முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. அதில் நாளெல்லாம் மஞ்சுவிரட்டு வீடியோ பார்ப்பார். அவருடைய சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. வைக்கோல் போர் ஓரம் மட்டும் இரண்டு கோடு காட்டும். கட்டிலை அங்கே கொண்டுபோய்ப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நான் போய் நின்றபோது அவர் போனில் ஒரு காளை திடலில் சுற்றி நின்று விளையாடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாமா, ஒங்க போன்ல நெட் இருக்கா?"

"இருக்கும். எதுக்கு?"

"டிவிக்கு வேணும். என்னது தீந்துபோச்சு."

காளையை நிறுத்தினார். "போனத் தர முடியாதுத்தா. கோயில்ல இருந்து கூப்புடுவாக."

"தர வேணாம். ஒங்க கையிலயே இருக்கட்டும். நான் ஒரு பட்டனை மட்டும் அமுக்கிட்டுப் போறேன். நீங்க எங்குட்டும் போகாம இங்கனயே இருந்தாப் போதும்."

"டிவியில என்ன ஓடுது?"

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். தெரியாத மாதிரி கேட்கிற மனிதரிடம் என்னத்தைச் சொல்வது. "அத்தை பாக்கணும்ங்கிறாக மாமா. என்ன ஓடுனா என்ன."

மஞ்சள் கயிறு கட்டிய கையால் மீசையைத் தடவினார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார். "வெரசா அமுக்கிட்டுப் போ. வெயில் ஏறுது."

ஹாட்ஸ்பாட்டை அமுக்கி, பாஸ்வேர்டைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் ஓடிவந்து டிவியில் தேடினால், பட்டியலில் 'மாரி அப்பா' என்று பெயர் வந்து நின்றது. போனை வாங்கிக் கொடுத்த அன்றைக்கு அவளே வைத்த பெயராக இருக்கும். அத்தையிடம் அதைச் சொல்லவில்லை, சொன்னால் அழ ஆரம்பித்துவிடுவார். ரிமோட்டை வைத்துப் பாஸ்வேர்டு அடிக்கிற கொடுமையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே போய், பக்கவாட்டில் போய், ஒரு எழுத்து தாண்டிப் போய், திரும்பி வந்து. இரண்டு தடவை தப்பு என்றது. மூன்றாவது தடவை அடித்து முடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒத்திகையின்போது டிவியிலேயே போட்டு வைத்த லிங்க்கைத் திறந்தேன். மாரி வந்தாள். மணவறையில் தலைகுனிந்து, அரக்குச் சேலையில், சுவர் நிறைய உட்கார்ந்திருந்தாள். அத்தை முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். உடனே படம் நின்று, நடுவில் வட்டம் சுற்றியது.

கொல்லைக் கதவிலிருந்து கத்தினேன். "மாமா, போனைக் கொஞ்சம் மேல தூக்குங்க."

உட்கார்ந்தபடி தூக்கினார். படம் ஒரு அசைவு அசைந்து மறுபடி நின்றது.

"இன்னும் மேல."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று தூக்கினார். படம் ஓடியது. வீட்டுக்கு முதுகைக் காட்டி, வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு, வெயிலில் அப்படியே நின்றார். திரும்பினால் டிவி தெரியும். திறந்த கதவுக்கு நேரேதான் அது மாட்டியிருக்கிறது. திரும்பவில்லை. வீம்புக்கு அளவே கிடையாது இந்த மனிதருக்கு.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொல்லையில் மணி அடித்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று பெயரைப் படித்துச் சொல்கிற மாதிரி மாரி அந்தப் போனில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். மாயக்கண்ணன், மாயக்கண்ணன் என்று அது ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது. மணி அடிக்க ஆரம்பித்ததுமே டிவியில் வட்டம். கோயில் வேலை பார்க்கிறவர். இவர் எடுத்துப் பால்குடத்துக்கு எத்தனை பேர், கொட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு எங்கே என்று சாவகாசமாகப் பேச, நான் வெறுங்காலோடு ஓடினேன்.

"மாமா, போன் பேசுனா நெட்டு நின்னுருது. யாரு கூப்புட்டாலும் கட் பண்ணிவிடுங்க."

"கோயில் காரியம்த்தா."

"அரை மணி நேரம் அம்மன் பொறுத்துக்கிரும்."

முறைத்தார். ஆனால் போனை வைத்துவிட்டார். நான் திரும்பி வருவதற்குள் கை மறுபடி மேலே போயிருந்தது.

பையன் தாலியைக் கையில் வாங்கினான். பார்க்கப் பாவமாக இருந்தான், நெற்றியெல்லாம் வேர்த்து. கெட்டி மேளம் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அத்தை கிண்ணத்தோடு எழுந்து நின்றார். அப்போதுதான் கொல்லையில் மணி அடித்தது. கருப்பி, கருப்பி என்று போன் கூப்பிட்டது.

தங்கை கூப்பிட்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் இடது கையால் எடுக்கிறவர் அவர். இரண்டாவது மணி அடிக்க விட்டதை நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. இந்தக் கல்யாணத்துக்கு அவர் போகாததே அவளுக்காகத்தான். அவளும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுகிறாள், அண்ணன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள. டிவியில் தாலி பாதி வழியில் நின்றது. பையனுடைய கை மாரியின் கழுத்துக்குப் பக்கத்தில் அப்படியே நிற்க, நடுவில் வட்டம் சுற்றியது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி, "எடுத்துருவாக" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கும் அதே நினைப்புதான். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தேன்.

மணி நின்றது. படம் துள்ளி ஓடியது. மறுபடி கருப்பி என்று அரைக் குரல் கேட்டது, அதுவும் உடனே நின்றது. பையன் முதல் முடிச்சுப் போட்டான். அத்தை அட்சதையை அள்ளி டிவி மேல் தூவினார். மஞ்சள் அரிசி கண்ணாடியில் பட்டுச் சடசடவென்று கீழே கொட்டியது. நான் கதவு வழியாகக் கொல்லையைப் பார்த்தேன். முதுகைக் காட்டி நின்ற ஆள் நின்றபடியே இருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவர் மேல் எனக்கிருந்த கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. அதோடு சேர்ந்து அழுகையும் வந்து தொலைத்தது.

கிண்ணத்தின் அடியில் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது. அத்தை அதை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தார். கண் சரியில்லாதவர், மேடு பள்ளம் தெரியாது என்று நானும் பின்னாலேயே போனேன்.

"இந்தாங்க" என்றார் அத்தை.

மாமா கிண்ணத்தைப் பார்த்தார். "கை சும்மா இல்ல."

"மாத்திப் பிடிங்க."

போனை இடது கைக்கு மாற்றித் தூக்கிக்கொண்டார். வலது கையை நீட்டினார். காப்புக் கயிற்றுக்குக் கீழே, உள்ளங்கையில், அத்தை அரிசியைக் கொட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஓசூரு எங்குட்டுத்தா இருக்கு?"

இந்தக் கல்யாணத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. எனக்கு எப்படித் தெரியும். வடக்கா, மேற்கா. பள்ளிக்கூடத்து மேப்பை நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இருந்த எரிச்சலில் வீட்டுக்குள் கையைக் காட்டினேன். "அந்தா, அங்குட்டு."

திரும்பினார். திறந்த கதவுக்கு நேரே டிவி. பையனின் அப்பா அம்மா காலில் விழுந்து எழுந்து, மாரியும் பையனும் அடுத்த பக்கம் வந்தார்கள். அங்கே பெண் வீட்டுக்கு என்று போட்ட இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தது. காளிராஜ் அவற்றுக்குப் பின்னால் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மாரி காலி நாற்காலிகளைப் பார்த்தாள். மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

படம் நின்றது. திரும்பியதில் அவருடைய இடது கை இறங்கியிருந்தது.

"கையத் தூக்குங்க மாமா."

தூக்கினார். குதிகாலை எக்கி இன்னும் தூக்கினார். பாதி குனிந்தபடி மாரி நிற்க, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அரிசியை மூடிய வலது கையைத் தூவுவதற்கு ஓங்கியபடி, அந்த வட்டம் நிற்கட்டும் என்று மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.