காந்தன் முறித்த இருநாட்டு உறவு

மலேசியாவின் மெர்லிமாவ் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் காந்தன் சார்ஜ்மேன், மின்சாரத்துக்குப் பொறுப்பாளர். மின்பலகைகளை அடக்கத் தெரிந்தவருக்குத் தம் வாயை மட்டும் அடக்கத் தெரியாது.

மகள் அகல்யா மோல்டோவாவில் மருத்துவம் படிக்கப் போனதிலிருந்து, அந்த நாட்டுக்கும் பக்கத்து ருமேனியாவுக்கும் உள்ள உறவைச் சம்பந்தி வீட்டு விவகாரம் போலக் கவனித்துவந்தார். ருமேனியா பெரிய வீடு. பள்ளி வேன் கொடுக்கும், பாலர் பள்ளிக்குக் கூரை போட்டுத் தரும், இந்தக் குளிருக்குச் சலுகை விலையில் மின்சாரமும் தருகிறது. மோல்டோவா வாங்கிக்கொண்டு நன்றி சொல்லும்.

அன்று மதியம் ருமேனியத் தூதரகத்தின் முகநூல் பக்கத்தில் அந்த மின்சாரத்துக்காக இரு நாட்டு அதிகாரிகள் கைகுலுக்கும் படம் வந்தது. காந்தன் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கீழே எழுதினார்: ‘கரண்டு கொண்டுபோக ஒரே ஒரு பெரிய லைன்தானா? எங்கள் ஆலையில் கேண்டீனுக்கே கரண்டு போனால் ஓட்ட ஒரு ஜென்செட் இருக்கிறது.’ கூடவே சிரிக்கும் முகங்கள் மூன்று.

இரவுச் சாப்பாட்டில் கை வைத்தபோது செய்தி வந்தது. மோல்டோவா முழுக்கக் கரண்டு போய்விட்டது. பயிற்சிக்காகக் குழந்தைகள் வார்டில் இருந்த அகல்யாவைப் போனில் பிடிக்க முடியவில்லை.

ஜெயா கணவரின் முகத்தைப் பார்த்தார். “என்னங்க, எங்கயாச்சும் ஏதாச்சும் எழுதி வச்சீங்களா?”

காந்தன் போனை நீட்டினார். பதினொரு பேர் சிரித்திருந்தார்கள்.

“ஒரு சார்ஜ்மேன் பேச்சுக்கா லைன வெட்டுவாங்க? நீ வேற லா.”

“என் தம்பிகிட்ட ஒரு வார்த்தைதான் சொன்னீங்க. மூணு தீபாவளிக்கு அவன் இந்தப் பக்கமே வரல.”

காந்தன் தட்டைத் தள்ளி வைத்தார். குளிரில் பேட்டரி சண்டித்தனம் செய்யும், ஜென்செட் லேசில் எழும்பாது என்பது தொழிலில் அவர் கற்றது. அங்கே மருந்து ஏறும் குழாய்களும் மூச்சு தரும் மெஷின்களும் மின்சாரத்தை நம்பித்தான் நிற்கின்றன. நடுவில் அவர் பிள்ளை. பழைய கருத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘ஐயா, மன்னிக்கவும். என் மகள் அங்கே இருக்கிறாள். நான் வாயாடி, வேறொன்றுமில்லை. தயவுசெய்து லைனைக் கொடுங்கள்.’ இந்த முறை சிரிக்கும் முகம் போடவில்லை.

ஜெயா சாமி விளக்கின் முன் போய் உட்கார்ந்தார். காந்தன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

“அப்பா, லைட் வந்துருச்சு. உக்ரைன்ல குண்டு போட்டதுல, அதோட இணைஞ்ச இங்க லைனும் டிரிப் ஆகி நின்னுருச்சாம். ருமேனியாவுல இருந்துதான் திரும்பக் கரண்டு வருது.”

“நீ எங்கம்மா இருந்த?”

“வார்டுலதான். ஜென்செட் உடனே ஸ்டார்ட் ஆகலப்பா. குறைமாசப் பிள்ள ஒண்ணுக்கு மெஷின் நின்னுருச்சு. நானும் ஒரு நர்சும் மாத்தி மாத்திக் கையாலயே காத்துப் பைய அமுக்கிக்கிட்டு இருந்தோம்.”

காந்தனின் வலது கை தானாக மூடித் திறந்தது. “பிள்ள?”

“இருக்குப்பா. இப்ப அழுவுது.” அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

“திரும்பப் போவுமா கரண்டு?”

“போவலாம்ப்பா. தெரியல.”

ஒரு நகைச்சுவை தேடினார். கிடைக்கவில்லை. “கை வலிக்குதாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

போனை வைத்த பிறகும் ஜெயா விளக்கை விட்டு எழவில்லை.

“குண்டு போட்டதுலதான் போச்சாம். நம்ம தப்பு இல்ல,” என்றார் காந்தன். “அந்த மன்னிப்ப அழிச்சிரட்டுமா?”

“இருக்கட்டுங்க,” என்றார் ஜெயா. “நாளைக்கும் கரண்டு வேணும்ல.”