எங்கள் வீட்டு ஓட்டு

என் வீட்டுக்காரர் வார்டு சபைத் தேர்தலில் ஒரே ஓட்டில் தோற்றுப் போனார். அந்த ஓட்டை மாற்றிப் போட்டவள் நான்தான் என்று தெருவே கூடி முடிவு கட்டிவிட்டது. நான் தையல் கடை வைத்திருப்பவள். உள்ளே நுழைகிறவள் துணி தைக்க வருகிறாளா, வாயைக் கிளற வருகிறாளா என்று செருப்பைக் கழற்றும் விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அந்த நாட்களில் யாருக்கும் துணி தைக்கிற உத்தேசமே இல்லை.

முதலில் இந்த மனுஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இவருக்குப் பெயர் விசில். ஓய்வு பெற்ற புதிதில் வீட்டைத் திருத்த ஆரம்பித்தார். அரிசி டப்பா ஏன் இங்கே இருக்கிறது, கத்தரிக்கோல் ஏன் அங்கே இருக்கிறது என்று காலையிலிருந்து கேள்வி. ஒருநாள் எனக்குப் பொறுமை போய், "என்னை விடுங்க, போய் ஊரைத் திருத்துங்க" என்று கத்திவிட்டேன். வேறு ஆண்பிள்ளையாக இருந்தால் கோபித்துக்கொண்டு படுத்திருப்பார். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊரில் திருத்துவதற்கா பஞ்சம்? வார்டு சபை என்று ஒன்று உண்டு. சாக்கடை, தண்ணீர், விளக்கு எது வேண்டுமானாலும் மக்கள் கூடிப் பேசி முடிவெடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறதாம். எங்கள் கவுன்சிலர் அதை நடத்தாமல் இருக்கவில்லை. ஒழுங்காக நடத்துவார். வேலை நாளில், பட்டப்பகலில், வார்டு ஆபீசுக்குப் பின்னாலிருக்கும் சாமான் அறையில், உடைந்த நாற்காலிகளுக்கும் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கும் நடுவே. அவரும் அவர் மச்சினனும் ஆளுக்கொரு டீ குடித்தால் கூட்டம் முடிந்தது. சபைக்குத் தலைவர் யார் என்றால் மச்சினன்தான். எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், கையைத் தூக்கச் சொன்னார்களாம், இரண்டு கை தூக்கியதாம். அந்த இரண்டு கையும் ஒரே ஆளுடையதாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இவர் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். அடுத்த கூட்டத்தன்று சலவைக்கடைக்காரர் கடையைச் சாத்தினார், நான் மெஷினுக்கு உறை போட்டேன், தெரு மொத்தமும் அந்தச் சாமான் அறைக்குப் போனது. வாசலில் நின்ற இவருக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது போல. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு பாருங்க, வழியை அடைக்காதீங்க" என்று ஒருத்தர் மேல் ஒருத்தராக ஏற்றி அடைத்துவிட்டார். பிளீச்சிங் பவுடர் மூட்டை மேல் இரண்டு பேர் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கவுன்சிலர் வந்தார். அவருக்கு இடமில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு, "என்னய்யா இது, என் கூட்டத்துக்கு நான் எப்படி வர்றது?" என்று கேட்டார். "அதைத்தான் நாங்களும் கேக்குறோம்" என்றார் இவர். அந்த ஒரு பதிலுக்காக இவருக்கு அன்று ராத்திரி முட்டை வறுத்துக் கொடுத்தேன்.

பிறகு பெரிய ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். இந்த மேஜையில் கேட்டால் அந்த மேஜை, அந்த மேஜையில் கேட்டால் சாப்பாட்டு நேரம். விடவில்லை. கேட்டது இரண்டுதான். கூட்டம் விடுமுறை நாளில், பள்ளிக்கூட மைதானத்தில் நடக்க வேண்டும். தலைவரை மக்கள் சீட்டுப் போட்டு ரகசியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையைத் தூக்கச் சொன்னால், பின்னால் நின்று யார் கை என்று பார்க்க மச்சினனின் ஆட்கள் இருப்பார்கள். தூக்கக் கூடாத பக்கம் தூக்கியவர்களின் சந்துக்கு அந்த வாரம் தண்ணீர் லாரி வழி மறந்துவிடும். எங்கள் சந்துக்கே எத்தனையோ முறை மறந்திருக்கிறது. குடத்தோடு காத்துக் காத்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கிறது. அதனால் ரகசியச் சீட்டு என்றால் இவருக்கு உயிர். கனவில்கூட "யாரும் எட்டிப் பாக்கக் கூடாது" என்று முனகுவார்.

எப்படியோ உத்தரவு வந்துவிட்டது. தலைவருக்கு இவரை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மச்சினனும் ஒதுங்கிக்கொண்டார். இவர்களே தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும் என்று கணக்கு. போட்டியில்லாமல் ஜெயித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? இவர் இருப்பாரா?

"போட்டி இல்லாம ஜெயிச்சா எனக்கும் அந்த மச்சினனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று சொல்லிவிட்டு, எதிராக நிற்க ஆள் தேடிக் கிளம்பினார். உலகத்தில் வேறு எந்தப் பைத்தியமும் இதைச் செய்யாது. கடைசியில் நர்ஸம்மாவைப் பிடித்தார். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், கெட்டிக்காரி, நாலு வார்த்தையில் பேச்சை முடிப்பவள். நேரமில்லை என்று சொன்னவளை வீடு தேடிப் போய்ப் போய்க் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். அதோடு நின்றாரா? போகிற வழியெல்லாம் "நர்ஸம்மாவும் நல்லவங்க, யோசிச்சுப் போடுங்க" என்று பிரசாரம் வேறு. அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் நாலு பேர் இருக்கும்போது, "இவர் தலைவரானா வீட்டுப் பக்கமே வர மாட்டார், தோத்துத் தொலையட்டும்" என்று சொல்லிவிட்டேன். கட்டினவள் புருஷனைப் பற்றிப் பேசுவதையெல்லாம் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று யார் கண்டது?

தேர்தல் நாளன்று பள்ளிக்கூட மைதானம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. என் கடைத் திரைச்சீலையை வைத்து மறைப்புக் கட்டினார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டோம். நான் இவர் பெயரைத்தான் எழுதினேன். நன்றாக அழுத்தி, கோணல் இல்லாமல் எழுதினேன். வாய் ஆயிரம் சொல்லும், அந்த மனுஷன் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியாதா?

எண்ணினார்கள். சந்தேகப்பட்டுத் திரும்பவும் எண்ணினார்கள். நர்ஸம்மாவுக்கு ஒரு ஓட்டு கூடுதல். இவர் முதல் ஆளாகக் கைதட்டினார்.

மறுநாளே மச்சினன் ஆரம்பித்துவிட்டார். "பாவம், விசிலுக்குப் பெண்டாட்டி ஓட்டே விழல" என்று. என் கடையில் நான் சொன்ன வார்த்தை அதற்குச் சாட்சி ஆகிவிட்டது. சலவைக்கடைக்காரர் மடித்த துணியைக் கொடுக்கும்போதே, "ஏன்க்கா, அப்படி என்ன கோபம் அவர் மேல?" என்றார். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நம்பாதவர் ஆட்டுகிற ஆட்டல் அது.

சரி, ஊர் கிடக்கட்டும், வீட்டிலாவது சொல்லிவிடுவோம் என்றால் அதற்கும் வழியில்லை. "என்னங்க, நான் யாருக்குப் போட்டேன்னா..." என்று வாயைத் திறந்தால் போதும், இவர் எழுந்துவிடுவார். சொல்லக் கூடாதாம். இவரும் கேட்க மாட்டாராம். வீட்டுக்காரனே கேட்டால் அப்புறம் அது என்ன ரகசிய ஓட்டு என்று எனக்கே பாடம். ஒருநாள் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று சொல்லப் பார்த்தேன். உள்ளே குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார்.

அதைவிட மோசம், திடீரென்று ரொம்ப நல்லவராகிவிட்டார். காலையில் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டார். அரிசி டப்பாவை நான் எங்கே வைத்தாலும் ஒரு சொல் கிடையாது. எனக்குப் புரிந்துவிட்டது. என்னை மன்னிக்கிறாராம்! நான் செய்யாத குற்றத்துக்கு, என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல், பெரிய மனசோடு மன்னித்துக்கொண்டிருக்கிறார். திட்டினால் திருப்பித் திட்டலாம். மன்னிக்கிறவரை என்ன செய்வது? அந்த டீயைக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவளை இந்த மனுஷன் இவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறார் என்று நினைத்தால் மனசு ஆறவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் சபையின் அடுத்த கூட்டம் வந்தது. நர்ஸம்மா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, சாக்கடை அடைப்பில் தொடங்கினாள். பாதியில் மச்சினன் எழுந்து ஒரு யோசனை சொன்னார். சீட்டு முறையே வேண்டாமாம், பழையபடி கையைத் தூக்கியே முடிவு செய்யலாமாம். மறைத்துப் போடுவதால்தான் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படுகிறோமாம், குடும்பத்துக்குள்ளேயே விரிசலாம். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாரு வீட்டுல என்ன நடந்ததுன்னு நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்ல. புருஷனுக்கே போடாதவங்க நடுவுல நாம எப்படி நம்பி வேலை செய்றது?" என்றார்.

மைதானமே என் பக்கம் திரும்பியது. எழுந்து உண்மையைச் சொல்லலாம்தான். யார் நம்புவார்கள்? அதைவிடப் பயம், சிலர் தலையை ஆட்டியதுதான். ஆமாம், கையையே தூக்கலாமே என்று முன்வரிசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். இவர் அலைந்து வாங்கியதெல்லாம் என் பெயரைச் சொல்லிப் போய்விடும் போலிருந்தது.

இவர் எழுந்தார். எப்போதும் எழுந்தால் தொண்டையைச் செருமி, சட்டையை இழுத்துவிட்டு, ஒரு ஸ்டாப்பிங் தூரம் முன்னுரை வைப்பவர். அன்று எதுவும் இல்லை.

"எனக்கு விழாத ஓட்டு எங்க வீட்டு ஓட்டுதான். ஆனா அது அவளோடது இல்ல, என்னோடது" என்றார். "நான்தான் நர்ஸம்மாவுக்குப் போட்டேன்."

நர்ஸம்மாவைப் பார்த்தே மேலே சொன்னார்.

"என் பேரை நானே எழுத எனக்குக் கூச்சமா இருந்தது. அசிங்கம்னு நெனச்சேன். அதுல தோத்துட்டேன். வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு வாயை மூடிட்டு இருந்தேன். அந்தப் பழியை இவ சுமந்தா. தப்பு என்னோடது, சீட்டோடது இல்ல."

முதலில் சிரித்தது சலவைக்கடைக்காரர்தான். பிறகு மைதானமே சிரித்தது. தன் ஓட்டாலேயே தன்னைத் தோற்கடித்த ஆளை அவர்கள் இதற்கு முன் பார்த்ததில்லை. மச்சினன்கூடச் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. மேஜையைத் தட்டினாள்.

"இந்தச் சபையில யாருக்கு ஓட்டுப் போட்டோம்னு யாரும் வெளிய சொல்லக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்ததே நீங்கதான். இன்னொரு தடவை சொன்னா வெளிய அனுப்பிடுவேன். உக்காருங்க."

இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். திட்டு வாங்கிய முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நான் இவரை முறைக்க நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்து முகமே தெரியவில்லை. அத்தனை டீயும் மன்னிப்பு இல்லை, வெட்கம்! பாவி மனுஷன், அதை என்னிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். மச்சினன் யோசனையை ஆதரிப்பவர் உண்டா என்று நர்ஸம்மா கேட்டாள். அவர் பக்கத்து நாற்காலிக்காரர்கூட வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சாக்கடைக்கே வந்தோம்.

கூட்டம் முடிந்து நடந்து வந்தோம். நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். ஊர் என்னை என்னவெல்லாம் பேசியது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, கூச்சமாம் கூச்சம், டிக்கெட் கொடுத்த கைக்கு இப்போதுதான் கூச்சம் வந்ததா என்று ஒன்றையும் விடவில்லை. ஆனாலும் எனக்குள்ளே குளிர்ந்துதான் கிடந்தது. அத்தனை பேர் முன்னால், துளிச் சந்தேகம் இல்லாமல், அது அவள் ஓட்டு இல்லை என்று சொன்னாரே. சொல்லாமலே தெரிந்திருக்கிறது என்று பூரித்துப் போயிருந்தேன்.

எங்கள் சந்து திரும்பியதும் இவர் நின்றார். முன்னும் பின்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். என் காதுக்குக் கிட்டே குனிந்தார்.

"ஆமா... நீ எனக்குத்தானே போட்ட?"

அப்படியானால் தெரியாது. தெரியாமலேதான் அவ்வளவு பேர் முன்னால் எழுந்து நின்றிருக்கிறார். நான் வேறு பக்கம் போட்டிருந்தாலும் இந்த ஆள் இதையேதான் சொல்லியிருப்பார்.

"உங்களுக்குத்தாங்க போட்டேன்" என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.