சூசையப்பர் கோயிலில் தொங்கிய சுரக்கட்டு

உம்புரானா ஊர் சூசையப்பர் கோயிலில், பீடத்துக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவே, ஏணி வைத்தால் எட்டிவிடும் உயரத்தில், லிந்தோல்ஃபு வாசித்த ஒரு சுரக்கட்டு பதினான்கு வருஷம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. கிட்டாரில் ஆறு கம்பிகளையும் சேர்த்து ஒரே வருடலாக வருடினால் வருமே, அதுதான். வருடியவன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான், கிட்டாரையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டான். ஒலி மட்டும் போகவில்லை. மழை மாதங்களில் கொஞ்சம் கம்மலாக இருக்கும். ஆகஸ்டு வெயிலில் நன்றாகக் காய்ந்து கணீரென்று கேட்கும். கோயில் பெருக்குகிற நொர்மிந்தா முதல் வாரம் ஒட்டடைக் கம்பால் தட்டிப் பார்த்தாள். கம்புதான் அதிர்ந்தது. பிறகு அந்த இடத்தை விட்டுச் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். மார்ச் மாதம் சூசையப்பருக்கு நவநாள். பத்தொன்பதாம் தேதித் திருநாளுக்குள் ஒரு துளியாவது விழுந்தால் அந்த வருஷம் சோளம் உண்டு, விழாவிட்டால் ஆடுகளை விற்க வேண்டியதுதான். அதனால் அந்தப் பகுதியில் நவநாள் பாட்டை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பாட்டை எடுத்துக் கொடுப்பவள் லிந்தோல்ஃபுவின் அக்கா எவுலினா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தவளும் அவள்தான். பெரிய குரல், சந்தை இரைச்சலிலும் தனியாகக் கேட்கும். அவள் பாடுகிற மெட்டு நம் காதுக்கு ஹரிகாம்போதி மாதிரி இருக்கும். அதாவது ஏழாம் சுரமான நிஷாதம் கொஞ்சம் தாழ்ந்து, பட்டிக்குத் திரும்புகிற ஆடு வாசலில் ஒரு நிமிஷம் தயங்குவதுபோல நின்று, பிறகு சட்ஜத்துக்குள் போகும். அந்தப் பக்கத்தில் எல்லாப் பாட்டும் அப்படித்தான். யாரும் அதற்குப் பேர் வைத்ததில்லை. மூங்கில் குழல் செய்கிறவர்களும் அந்தத் தாழ்ந்த சுரத்துக்குத்தான் துளை போடுவார்கள்.

லிந்தோல்ஃபு கிட்டார் படிக்க ரெசிஃபி நகரத்துக்குப் போய் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தான். அங்கே அவனுக்கு ஒரு சுர ஏணியை நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஏணியில் ஏழாம் படி உயர்ந்து, வீட்டுப் படியான சட்ஜத்தை ஒட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் வீடு வந்து சேரும்போது காது அப்பாடா என்னும். வேறு ஏணிகளும் உண்டு, அவற்றில் ஏழாம் படி தாழ்ந்தே இருக்கும், அதற்கேற்ப விரல்களையும் மாற்ற வேண்டும் என்று பாடம் நடந்த வாரத்தில் லிந்தோல்ஃபு கடற்கரையில் ஒரு பெண்ணோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். பெண்ணும் கிடைக்கவில்லை, பாடமும் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்தவனை, திருநாளுக்கு ஆயர் வருகிறார், அக்கா பாட்டுக்குக் கூட வாசி என்று பங்குச்சாமியார் கேட்டார். கோயிலுக்குள் கிட்டார் வந்தது அதுதான் முதல் தடவை. ஒத்திகை எதற்கு, பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டுதானே என்று இவனும் உட்கார்ந்துவிட்டான்.

கடைசி வரி வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசி வரியில், வீடு சேர்வதற்கு முந்தின அசையில், எவுலினா வழக்கம்போலத் தாழ்ந்த நிஷாதத்தில் நின்றாள். லிந்தோல்ஃபு படித்தபடி இரண்டு விரல்களைக் கிட்டார் கழுத்தின் இரண்டாம் கட்டத்தில் வைத்து, ஆள்காட்டி விரலால் மூன்றாம் கம்பியை முதல் கட்டத்தில் அழுத்தி, ஆறு கம்பிகளையும் வருடினான். குரல் ஒன்று சொன்னது, கம்பி அதற்கு அரைச்சுரம் மேலே வேறொன்று சொன்னது. ஆயர் பல் கூசியவர்போல முகத்தைச் சுளித்தார். கோயில் மொத்தமும் யார் தப்பு என்று பார்த்தது. அப்போது லிந்தோல்ஃபு அக்காவைப் பார்த்து முகவாயை மெல்ல மேலே தூக்கினான், அவ்வளவுதான். இன்னும் மேலே போ என்கிற மாதிரி. எல்லாரும் அந்த முகவாயைப் பார்த்தார்கள், பிறகு எவுலினாவைப் பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். பாட்டு நின்றுபோன அந்த மௌனத்தில்தான், சுரக்கட்டு நிற்காமல் ஒலித்துக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

தனியாகக் கேட்டால் அது ரொம்ப இனிமையான ஒலி. அதுதான் வினையே. ஆயர் முழங்காலிட்டார். வானத்தவரே இந்த ஒலியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், விட மனசில்லை என்றார். அன்று சாயங்காலம் நாலு துளி மழையும் விழுந்தது, கேட்க வேண்டுமா! லிந்தோல்ஃபு ஊருக்கே பெரிய மனுஷன் ஆகிவிட்டான். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கழுதை கட்டிக்கொண்டு வந்து ஒலிக்குக் கீழே நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். பல்வலிக்குக் கேட்டது, மற்றதற்குக் கேட்கவில்லை. நவநாள் பாட்டை அதற்கப்புறம் ஊரே உயர்ந்த நிஷாதத்தில் பாடப் பழகியது. குழல்காரர்களுக்கு மட்டும் அது கைவரவில்லை.

“எங்க குழல்ல அந்தத் தொளையே இல்லீங்க சாமி. எங்க பாட்டன் போடல, நாங்க என்ன பண்றது?” என்றார் பெர்னார்தினோ, குழல்காரர்களில் மூத்தவர்.

“அப்ப வெளிய நின்னு ஊதுங்க,” என்றார் சாமியார். அன்றிலிருந்து குழல்காரர்கள் கோயிலுக்கு வெளியே ஜுவாஸெய்ரு மரத்தடியில் நின்று ஊதினார்கள்.

எவுலினாவை யாரும் திட்டவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. பாவம், வயசாகுது, தொண்டை எறங்கிருச்சு என்று பரிதாபப்பட்டார்கள். அதுதான் இன்னும் மோசம். அவளுக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

திருநாளுக்கு மறுநாள் காலையில் லிந்தோல்ஃபு வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அந்த வரியைச் சும்மா மீட்டிப் பார்த்தான். ஆள்காட்டி விரலைக் கொசு கடித்தது. சொறிய விரலைத் தூக்கினான். மூன்றாம் கம்பி விடுபட்டு, யாரும் தொடாத கம்பியாக, தன் பாட்டுக்கு ஒலித்தது. அக்காவின் நிஷாதம்! அச்சு அசலாக அதுவே. அவள் பாடியதற்கு விரலே வேண்டியிருக்கவில்லை. சும்மா விட்டிருந்தால் போதும், இவன்தான் கைவைத்துக் கெடுத்திருக்கிறான். முகம் காது எல்லாம் தீப்பிடித்ததுபோல் ஆயிற்று அவனுக்கு. உள்ளே எவுலினா சோளமாவு குஸ்குஸ் அவித்துக்கொண்டிருந்தாள். இப்போதே போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தான். வாசலில் ஆயர் அனுப்பிய ஆள், கையில் ஒரு வெள்ளிச் சிலுவையோடு நின்றிருந்தான். சரி, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். அந்த நாளை என்பது எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதா என்ன.

அவனுடைய ஆள்காட்டி விரல் நுனியில் அன்று பதிந்த கம்பித் தடம் பிறகு அழியவே இல்லை. யார் கைகுலுக்க வந்தாலும் அவனுக்கு அந்தத் தடம்தான் நினைவுக்கு வரும். அந்த விரலை ஜேபிக்குள் விட்டுக்கொண்டே நடந்தான். கல்யாணம் பேச வந்தவர்களை ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினான், ஒரு பெண்டாட்டி வந்தால் விரலைப் பார்த்துக் கேட்பாளே என்று. அக்காவும் தம்பியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மழை, ஆடு, உப்பு விலை எல்லாம் பேசினார்கள். பாட்டைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்ததில்லை. முன்பெல்லாம் மாவு இடிக்கும்போது அவள் முனகிக்கொண்டே இடிப்பாள். இப்போது உலக்கைச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் தன் நெஞ்சில் விழுகிறது என்று அவன் நினைப்பான், வெட்கத்தில் சாப்பாடு இறங்காது, இருந்தாலும் சாப்பிட்டுவிடுவான். அவள் சமையல் அப்படி.

இப்படியே போயிருக்கும். அன்ஸெல்மு என்று ஒரு இளம் சாமியார் பங்குக்கு வந்தார். சுறுசுறுப்பானவர். அற்புதத்துக்கு ஒரு கல்வெட்டு இல்லையா என்று கேட்டு, லிந்தோல்ஃபுவின் பேரைப் பொறித்து ஒரு சலவைக்கல் செய்ய ஏற்பாடு பண்ணினார். திருநாளன்று புதிய ஆயர் வந்து திறப்பார், லிந்தோல்ஃபு அதே சுரக்கட்டை மறுபடி வாசிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கல்லை மூடும் பட்டுத்துணியைத் தைத்துக் கொடுக்கச் சொல்லி எவுலினாவிடமே கேட்டார்கள். அவளும் மறுப்பில்லாமல் தைத்தாள்.

திருநாள் காலையில் லிந்தோல்ஃபு எழுந்தபோது, உள்ளறையில் அவள் அவனுடைய வெள்ளைக் கோட்டுக்குக் கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. பாடுகிற சத்தம் கேட்டது. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு அக்காவின் குரல்! ஒளிந்து பாடுகிற குரல், உதட்டுக்கு வெளியே வராமல். நவநாள் பாட்டின் கடைசி வரி. இவன் கதவில் கைவைத்து நின்றான். அந்த அசை வந்தது. அவள் உயர்ந்த நிஷாதத்தில் நின்றாள். இவனுடைய தப்பில். நிறுத்தினாள், மறுபடி அதே வரியை எடுத்தாள், மறுபடி உயர்ந்த நிஷாதம். எத்தனை வருஷமாக இந்தப் பயிற்சி நடக்கிறதோ, யார் கண்டது.

கதவு கிறீச்சிட்டது. எவுலினா திரும்பிப் பார்த்தாள், கன்னம் சிவந்துவிட்டது.

“கேட்டுட்டியா?”

“ம்.”

“இப்ப சரியா இருக்கா, லிந்து? மேலதானே போகணும்? அன்னிக்கு நீ காட்டுனியே.” கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “கூட்டத்துல பாடறதுக்கெல்லாம் இல்லடா. சும்மா, சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது தப்பில்லாம வருதான்னு பாக்கத்தான்.”

லிந்தோல்ஃபு கோட்டை வாங்கிக்கொண்டான். அது இன்னும் சூடாக இருந்தது.

“அக்கா, நீயும் கோயிலுக்கு வா.”

“நான் எதுக்கு? கோழி அடுப்புல இருக்கு.”

“கோழி கெடக்குது. நீ வந்தாத்தான் நான் போவேன்.”

கோயிலில் நிற்க இடமில்லை. ஆயர், அன்ஸெல்மு சாமியார், பட்டுத்துணி மூடிய கல். எவுலினா கடைசித் தூணுக்குப் பக்கத்தில், நொர்மிந்தாவோடு நின்றாள். லிந்தோல்ஃபு ஒலிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு விரல்களை இரண்டாம் கட்டத்தில் வைத்தான். ஆள்காட்டி விரலை மூன்றாம் கம்பிமேல் வைத்தான்.  பிறகு அந்த ஒரு விரலை, எல்லாருக்கும் தெரியும்படி, தூக்கினான். வருடினான்.

மேலே இருந்த சுரக்கட்டும் கீழே பிறந்ததும் மோதிக்கொண்டதில் சூசையப்பர் கையிலிருந்த லீலி மலர்க்கொத்து உதிர்ந்தது. கைக்குழந்தைகள் ஒன்றாக வீறிட்டன. ஆயர் காதைப் பொத்திக்கொண்டார். லிந்தோல்ஃபு எழுந்து நின்றான், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“எங்க அக்கா அன்னிக்குச் சரியாத்தான் பாடுனா. நான்தான் தப்பா வாசிச்சேன். மறுநாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சே வாய மூடிட்டிருந்தேன்.”

“அப்ப மேல கேக்குதே, அது?” என்றார் அன்ஸெல்மு சாமியார்.

“அதுதான் சாமி என் தப்பு.”

“அட பாவி! பதினாலு வருஷமா உன் தப்புக்கு முன்னாலயா நாங்க முட்டி போட்டோம்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “என் பல்வலி நெசமாவே போச்சேப்பா,” என்று இன்னொரு குரல். யாரோ சிரித்தார்கள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பெட்டியைக்கூட எடுக்காமல் கிட்டாரோடு வாசலை நோக்கி நடந்தான். அப்போது சுரக்கட்டு தன் இடத்தைவிட்டு இறங்கி, அவன் தலைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்று, அவனோடுகூட வெளியேறியது. கோயில் அமைதியானது. அந்த அமைதி எப்படி இருக்கும் என்பது சிறுசுகளுக்குத் தெரியாது. அவர்கள் பயந்துபோய் அம்மாக்களின் பாவாடையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எவுலினா கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வீட்டுக்கு வந்து, தீய்ந்துபோன கோழியைத் தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

“ஒரு வெரல் தூக்கறதுக்கு பதினாலு வருஷமாடா ஆச்சு உனக்கு?”

அவன் தீய்ந்ததைத் தின்றான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அதன் பிறகு மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. அதைவிடப் பெரிய வேலை அவளுக்கு இருந்தது. தாழ்ந்த நிஷாதம் தொண்டையைவிட்டே போயிருந்தது. வாயைத் திறந்தால் குரல் தானாக மேலே ஏறிற்று. தினமும் மரத்தடிக்குப் போய், பெர்னார்தினோவின் குழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சுரத்தை மறுபடி தேடினாள். கிழவர் பல் இல்லாத வாயால் ஊதினார், திட்டினார், மறுபடி ஊதினார். அடுத்த திருநாளுக்குள் அது வந்துவிட்டது. குழல்காரர்கள் கோயிலுக்குள் திரும்பினார்கள், அவள் முன்வரிசையில் நின்று எடுத்துக் கொடுத்தாள். கடைசி வரியில் பெர்னார்தினோ தொப்பியைக் கழற்றினாராம். லிந்தோல்ஃபு அதைக் கேட்கவில்லை. அவன் உள்ளே போனால் அவனுடைய ஒலியும் உள்ளே போகும் என்பதால், சந்தைத் திடலின் மறுகோடியில் நின்றான். அங்கிருந்து அவன் காதுக்குத் தன் தலைமேல் இருப்பதைத் தவிர எதுவும் எட்டவில்லை. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான், அக்கா சரியாகப் பாடியிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டான்.

சலவைக்கல்லைத் திருப்பிப் போட்டுக் கோயில் வாசல்படி ஆக்கினார்கள். அவன் பேர் அடிப்பக்கம் இருக்கிறது. சுரக்கட்டு இன்றைக்கும் அவன் தலைக்கு மேலேதான். ஊருக்கு அது பழகிவிட்டது. தெருமுனையில் ஒலி கேட்டதும் கடைக்காரர் காபியை ஊற்றிவிடுவார், நாய்கள் எழுந்துகொள்ளாது, கிட்டார் வைத்திருப்பவர்கள் அவனை நிறுத்திவைத்துச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். கோயிலுக்குள் மட்டும் அவன் போவதில்லை. தினமும் சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போது, ஒலி நாலு வீட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். எவுலினா அடுப்பங்கரையிலிருந்து, இருக்கிற குரலையெல்லாம் திரட்டித் தன் நிஷாதத்தை எடுத்து விடுவாள். இரண்டும் வாசலில் மோதிக்கொள்ளும்.

“சரியா இருக்கா?” என்று கேட்பாள்.

“சரியா இருக்கு அக்கா,” என்பான் அவன், தலையைக் குனிந்தபடி.

அந்த மோதலில் வீட்டிலுள்ள ஆட்டுப்பால் முழுக்கத் திரிந்துவிடும். முதலில் கொட்டினார்கள். பிறகு எவுலினா அதைத் துணியில் கட்டி, உப்புப் போட்டு அழுத்திப் பாலாடைக்கட்டி செய்யத் தொடங்கினாள். நன்றாகவே இருக்கும். சனிக்கிழமைச் சந்தையில் பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது.